சுடலைமுத்து என்று பெயர் வைத்தோம்

என் தம்பி மகனுக்குச் சுடலைமுத்து என்று பெயர் வைத்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் அதுதான், வீட்டில் கூப்பிடுவதும் அதுதான். விஷயம் கேட்ட பலர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஓ, தாத்தா பேரா? சரி, கூப்பிடுற பேரு என்ன?" என்றார்கள். "சுடலை" என்று சொன்னதும் மறுபடியும் தயக்கம். அப்புறம் ஆளுக்கொரு கருத்து. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள், வெளிநாட்டுக்குப் போனால் யார் வாயிலும் நுழையாது, சுடுகாட்டுப் பெயரைப் பச்சைப்பிள்ளைக்கு வைக்கலாமா, ஜோசியரைக் கேட்டீர்களா. இவற்றில் சில நியாயமான கேள்விகள். எங்கள் வீட்டுக்குள்ளேயே இவை அத்தனையும் பேசப்பட்டன. இதே பேச்சு இப்போது பல வீடுகளில் நடப்பது தெரிவதால், எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கம். திருநெல்வேலிச் சீமையில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தால் நாலு வீட்டு மூத்த பையனுக்கும் ஒரே பெயர்தான். பெரிய சுடலை, சின்ன சுடலை, மேலத்தெரு சுடலை, மில்லு வீட்டுச் சுடலை என்று அடையாளம் சேர்த்துப் பிரித்துக்கொள்வார்கள். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால், பெற்ற பிள்ளையையே "ஐயா", "ராசா", "பெரியவரே" என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. பிள்ளை என்ன சேட்டை செய்தாலும் பெயரைச் சொல்லி ஏச முடியாது, ஏசினால் மாமனாரை ஏசியதாகிவிடும். பெண்களின் வாயைக் கட்டிய இந்தப் பகுதி போனது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து பெயரும் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சுடலைமாடனை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஆற்றங்கரையிலோ குளத்தங்கரையிலோ சுடுகாட்டை ஒட்டியோ, பெரும்பாலும் கூரை இல்லாத வெட்டவெளியில், வெள்ளையடித்த உயரமான பீடமாக நிற்பார். கைலாயத்தில் பார்வதியின் விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, பசி பொறுக்காமல் நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போய்விட்டது, அதனால் பூமிக்கு அனுப்பப்பட்டுக் காவல் தெய்வமானது என்று வில்லுப்பாட்டில் பாடுவார்கள். கொடை என்கிற கோயில் திருவிழா நாளில், மகுடம் என்கிற பறையை அடித்துக் கணியான் கூத்து நடக்கும். சாமக்கொடையில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்வருவார். தாமிரபரணிக் கரையில் சீவலப்பேரி, ஏரல் பக்கம் ஆறுமுகமங்கலம் போன்ற இடங்களில் பெரிய கோயில்கள் உண்டு. பல சமூகத்தாருக்கும் இவர் குலசாமி. பயம் காட்டும் தெய்வம்தான், ஆனால் அந்தப் பயம் வெளியாளுக்கு. வீட்டுப் பிள்ளைக்கு அவர் துணை. இருட்டில் தனியாக நடந்துபோகும்போது எங்கள் ஆச்சி "சொடல, கூட வாடா" என்று உரிமையோடு ஒருமையில் பேசிக்கொண்டே போவாள்.

"சுடுகாட்டுப் பேரு" என்று முகம் சுளிப்பவர்களிடம் ஒன்று சொல்வேன். சீர்காழியில் சம்பந்தர் பாடிய முதல் தேவாரத்திலேயே "காடுடைய சுடலைப் பொடிபூசி" என்று வருகிறது. சிவன் மேல் பூசியிருந்தால் கொண்டாடுகிற சொல், ஒரு கிராமத்து ஆள் பெயரில் இருந்தால் மட்டும் ஏன் தீட்டாகிறது? எனக்கு இதற்கு ஒரே ஒரு பதில்தான் கிடைக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயர் வைப்பதில் நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்துதான் முதல் எதிர்ப்பு வந்தது. பெயருக்குச் சொந்தக்காரரான என் அப்பாவே வேண்டாம் என்றார். "ஏட்டி, எம்பேரு எதுக்குட்டி பிள்ளைக்கு? நானே முழுசாச் சொல்லிக்கிட்டது கெடையாது. நல்ல பேரா பாத்து வைங்க."

அவர் சொன்னது அப்படியே உண்மை. எழுபதுகளில் சென்னைக்கு வேலைக்கு வந்தபோது, அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி, "சுடலையா? அதென்ன பேரு, முத்துன்னே வச்சுக்கலாம்" என்றாராம். அன்றிலிருந்து அவர் முத்து. கல்யாணப் பத்திரிகையில் எஸ். முத்து. வீட்டு வாசல் பலகையில் எஸ். முத்து. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முத்து சார். முழுப்பெயர் இரண்டே இடத்தில்தான் மிஞ்சியிருந்தது. ஒன்று அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். இன்னொன்று ஊரில் கொடைக்கு வரி பிரிக்கிற நோட்டு. அந்த நோட்டில் வருஷம் தவறாமல் "சுடலைமுத்து, சென்னை" என்று எழுதி வரியைக் குறித்திருப்பார்கள். அப்பா ஊருக்குப் போனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் இருந்து யாராவது "ஏ சொடல!" என்று கூப்பிடுவார்கள். அப்போது அவர் நடை மாறுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். தோளை நிமிர்த்திக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு போவார். சென்னையில் அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் கேட்டதில்லை.

அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காமல் போகவில்லை. நகரத்தில் அதை வைத்துக்கொண்டு வாழ முடியாது என்று யாரோ அவரை நம்பவைத்தார்கள், அவரும் நம்பிவிட்டார். தம்பியும் நானும் பேசியதில் எங்கள் இருவருக்கும் இந்த இடத்தில்தான் பிடிவாதம் வந்தது.

தம்பி மனைவி தஞ்சாவூர்ப் பக்கம். அவளுக்குச் சுடலைமாடனே புதிது. அவள் சொன்னது எளிதாகத் தள்ளக்கூடிய பேச்சில்லை. "அண்ணி, எனக்குச் சாமி மேல ஒண்ணும் இல்ல. எல்.கே.ஜி.ல மிஸ் பேரக் கூப்பிட்டதும் மத்த பிள்ளைங்க சிரிச்சா, அங்க நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். அவன் மட்டும்தான் நிப்பான்." தாத்தாவின் மரியாதைக்காகப் பேரன் சுமை தூக்க வேண்டுமா என்பதுதான் அவள் கேள்வி. பழைய பெயர் வைக்கச் சொல்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பாரம்பரியம், வேர் என்று பேசிக்கொண்டு போவது எனக்கும் பிடிக்காது. அந்தப் பெயரோடு வாழப்போவது குழந்தைதான்.

நான் பள்ளியில் பாடம் நடத்துகிறவள், வருகைப் பதிவேட்டோடு நாளும் பொழுதும் இருக்கிறவள், அதனால் இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் கேலி செய்யும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெயரின் வயதைப் பார்த்துக் கேலி செய்வதில்லை. குள்ளம், கண்ணாடி, திக்குவாய், எண்ணெய் வைத்த தலை, எது கையில் கிடைக்கிறதோ அது. பெயரும் கிடைத்தால் பெயர். ரித்விக்கையும் விடமாட்டார்கள், ஹரிஷையும் விடமாட்டார்கள். எந்தப் பெயருக்குச் சிரிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள். ஜூன் மாதம் முதல் நாள், ஆசிரியை ஒரு பெயரில் வந்து நின்று, புருவத்தை உயர்த்தி, "மாட... சாமி?" என்று இழுத்தால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு வருஷம் முழுக்கத் தொடரும். அதே பெயரை ஆதித்யாவுக்கும் அக்ஷயாவுக்கும் நடுவில் அதே குரலில் வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டால், ஒரு வாரத்தில் அது வெறும் பெயர். விளையாட்டு நேரத்தில் "மாடா, பந்தைப் போடுடா" என்று கத்துவார்கள், அதில் கேலி இருக்காது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். எல்.கே.ஜி.யில் சேர்ந்த முதல் வாரம், தன் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. வீட்டில் அப்பு, குட்டி, பப்பு என்றே கேட்டுப் பழகியவர்கள். சான்றிதழில் ஒரு பெயர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தாத்தா பெயரைச் சான்றிதழில் வைத்துவிட்டு வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடும் குடும்பங்களில் இது இன்னும் மோசம். அந்தப் பிள்ளைக்குத் தாத்தா பெயர் என்பது பள்ளியில் மட்டும், அந்நியர்கள் வாயில் மட்டும் கேட்கும் பெயர். வீட்டில் யாரும் ஆசையாகச் சொல்லாத ஒன்றைத் தன்னுடையது என்று அது எப்படி எடுத்துக்கொள்ளும்?

என் முழுக் கருத்தும் இதில்தான் இருக்கிறது. பழைய பெயரை வைப்பதென்றால் கூப்பிடுவதற்காக வையுங்கள். பெரியவர்கள் மனசு கோணக்கூடாது என்று சமாதானத்துக்காகச் சான்றிதழில் மட்டும் எழுதிவைப்பது, பீரோவுக்குள் பட்டுப்புடவையை மடித்துவைப்பது போல. மடிப்பிலேயே கிழிந்துபோகும். தெருமுனையில் விளையாடும் பிள்ளையை வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்றால், வைக்காதீர்கள். உங்கள் கூச்சம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பாவிடமோ அம்மாவிடமோ நேராகச் சொல்லிவிட்டு, மனசுக்குப் பிடித்த வேறு பெயரை வையுங்கள். அதில் எந்தப் பாவமும் இல்லை.

சுடலை என்ற சொல் ஏன் தீட்டாகிறது என்று கேட்டேனே, இப்போது அந்தப் பதிலுக்கு வருகிறேன். நாம் "பழைய பெயர்" என்று எதைச் சொல்கிறோம்? ஆதன் என்று பெயர் வைத்தால் யாரும் பழசு என்று சொல்வதில்லை. அழகாக இருக்கிறது, சின்னதாக இருக்கிறது என்கிறார்கள். கீழடியில் எடுத்த பானை ஓடுகளில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறியிருக்கும் பெயர்களில் குவிரன், ஆதன் இரண்டும் உண்டு. அதியன் என்று வைக்கிறார்கள். திருக்கோவிலூர் பக்கத்தில் ஜம்பையில் பாறையில் வெட்டியிருக்கிறது அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர். கபிலன், பாரி, இளங்கோ எல்லாம் சான்றோர் பெயர்களாக இன்றும் புதுக் கருக்கோடு இருக்கின்றன. எகிப்தில் செங்கடல் கரையில் குசைர் அல் காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே வணிகத்துக்குப் போன தமிழர்கள் விட்டுவந்த ஓடுகளில் இரண்டு பெயர்கள் படிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கண்ணன், இன்னொன்று சாத்தன். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதியவை. கண்ணன் என்ற பெயர் ஒருநாளும் வழக்கொழியவில்லை, இன்றைக்கும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். சாத்தன் சங்கப் புலவர்களின் பெயராகவும் இருக்கிறது. அதே சாத்தனின் வழியில் வந்தவைதான் சிவகங்கை, காரைக்குடிப் பக்கத்துச் சாத்தையாவும் சாத்தப்பனும். ஓட்டில் இருக்கும் சாத்தனைப் பார்க்க அருங்காட்சியகத்தில் வரிசையில் நிற்கிறோம், உயிரோடு இருக்கும் சாத்தையா பெயரைப் பேரனுக்கு வைக்கத் தயங்குகிறோம்.

ஆக, 2000 வருஷத்துப் பெயர் நமக்குப் பழசாகத் தெரிவதில்லை. அறுபது வருஷத்துப் பெயர்தான் பழசாகத் தெரிகிறது. நாம் வெட்கப்படுவது பெயரின் வயதுக்காக இல்லை. அந்தப் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வரும் வறுமைக்காக, கிராமத்துக்காக, வெறுங்காலுக்காக. சினிமாவில் எத்தனையோ காலம் நாயகனுக்கு ராஜா, ரவி, விஜய் என்றும், வாட்ச்மேனுக்கும் அடியாளுக்கும் மாடசாமி, முனியாண்டி என்றும் பெயர் வைத்துப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் மதுரைப் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி சாமி பெயரில் ஊர் ஊராகச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அந்தப் பலகையின் கீழே உட்கார்ந்து பசியாறாத தமிழர் குறைவு. அங்கே அந்தப் பெயர் ருசிக்கு அத்தாட்சியாக இருக்கிறது. பெயரில் ஒரு குறையும் இல்லை என்பதற்கு இது போதும்.

புதுப் பெயர் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. தமிழர்கள் தங்கள் பெயர்களை மாற்றிக்கொண்டே வந்தவர்கள், பல நேரம் நல்ல காரணத்துக்காக. தனித்தமிழ் இயக்கத்தில் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். 1953இல் பிறந்த மகனுக்குக் கருணாநிதி ஸ்டாலின் என்று பெயர் வைத்தார். லெனின், காந்தி, நேரு, சுபாஷ் சந்திரபோஸ் என்று பிள்ளைகளைக் கூப்பிட்ட வீடுகள் தென் மாவட்டங்களில் ஏராளம். அந்தப் பெயர்களில் ஒரு கனவு இருந்தது. தங்கள் பிள்ளை எப்படிப்பட்ட உலகத்தில் வாழ வேண்டும் என்று பெற்றவர்கள் பெயரிலேயே எழுதிவைத்தார்கள். எண்பதுகளில் சுரேஷ், ரமேஷ், தினேஷ். தொண்ணூறுகளில் கார்த்திக், விக்னேஷ், பிரவீன். ஒரு வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால் இனிஷியலோடுதான் கூப்பிடுவோம். இப்போது ஆரவ், அத்விக், ருத்விக். கேட்க இனிமையாக இருக்கின்றன, ஆனால் எந்த ஊர்ப் பிள்ளை, என்ன மொழி பேசும் பிள்ளை என்று அந்தப் பெயரிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. டெல்லியிலும் இருக்கலாம், அகமதாபாத்திலும் இருக்கலாம்.

எனக்குப் பழைய பெயர்களின் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே அதுதான், அவற்றில் ஊர் இருக்கிறது. நெல்லையப்பன், காந்திமதிநாதன் என்றால் திருநெல்வேலி. சங்கரலிங்கம், கோமதிநாயகம் என்றால் சங்கரன்கோவில். வானமாமலை என்றால் நாங்குநேரி. அங்கே பெருமாளுக்கு அன்றாடம் எண்ணெய்க்காப்பு நடக்கும், அந்த எண்ணெயை ஊற்றிவைக்க ஒரு கிணறே உண்டு. நாட்டுப்புறப் பாடல்களையும் கதைப்பாடல்களையும் தேடித் தொகுத்த ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை அந்த ஊரில் பிறந்தவர்தான். நம்பி என்றால் திருக்குறுங்குடி, தாணுமாலயன் என்றால் சுசீந்திரம், தாயுமானவன் என்றால் திருச்சி மலைக்கோட்டை, தியாகராஜன் என்றால் திருவாரூர், ஆராவமுதன் என்றால் கும்பகோணம். கடற்கரையில் இறங்கினால் சூசை, இராயப்பன், சின்னப்பன், அருளப்பன். யோசேப்பையும் பேதுருவையும் பவுலையும் யோவானையும் நம் முன்னோர் இப்படித் தமிழ்ப் பிள்ளைகளாக்கிக் கொஞ்சினார்கள். நாகூர் மீரான், நாகூர் கனி என்று ஒருவர் தன் பெயரைச் சொன்னால் அவர் வீட்டில் என்ன நேர்த்திக்கடன் இருந்தது என்பதுவரை ஊகித்துவிடலாம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பெயரைக் கேட்டதும், "சங்கரன்கோவில் பக்கமா?" என்று பேச்சைத் தொடங்க முடிந்த காலம் அது. என் அப்பாவின் தலைமுறை அப்படித்தான் ஊர்விட்டு ஊரில் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டது.

ஆனால் எல்லாப் பழைய பெயரும் ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது அத்தனையும் அரைகுறை.

சில பெயர்கள் துக்கத்தில் பிறந்தவை. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோனால், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்துக் குப்பன், குப்புசாமி என்பார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். பக்கத்து வீட்டில் தவிட்டுக்கு விற்று வாங்கித் தவிடன் என்பார்கள். பிச்சை என்ற பெயரும் அப்படி வந்ததுதான். எமன் கண்ணுக்கு மதிப்பில்லாததாகத் தெரிந்தால் பிள்ளை தப்பிவிடும் என்று ஒரு தாய் நம்பினாள். அந்தப் பெயர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டன. அவற்றை மறுபடியும் வைக்கச் சொல்லி யாரையும் கேட்கமாட்டேன். ஏன் அப்படி ஒரு பெயர் வந்தது என்ற கதையை மட்டும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னும் சில பெயர்கள் அடுத்தவர் திணித்தவை. சூத்திரனுக்கு வைக்கும் பெயர் இழிவைக் காட்ட வேண்டும் என்று மனு எழுதிவைத்த நாடு இது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பிள்ளைக்குக் கௌரவமான பெயர் வைத்தால் பண்ணையார் வீட்டுக்குப் பொறுக்காது. மண்ணாங்கட்டி, அமாவாசை என்று அவர்கள் வாய்க்கு வந்ததுதான் பெயர். பெரிய வீட்டில் இருக்கும் பெயரைச் சேரியில் வைக்கக்கூடாது என்று மிரட்டிய ஊர்கள் இருந்தன. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பலர் விட்டார்கள். பின்னால் ஒட்டியிருந்த பட்டம் போனது. ஆனால் பெயரே இழிவாக வைக்கப்பட்டவர்களுக்கு அது மட்டும் போதவில்லை.

என் தோழி ஒருத்தி தன் மகனுக்குக் கௌதமன் என்று பெயர் வைத்தாள். அவளுடைய தாத்தாவின் பெயரை இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் என்னிடம் சொன்னதில்லை. "அது தாத்தா பேரு இல்ல, அவர கூப்பிட்டவங்க வச்ச பேரு" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்க வேண்டும் என்று நான் பொதுவாகச் சட்டம் போட முடியாது என்பதை அவள் வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பழைய பெயரில் பெருமைப்பட முடிவது, அந்தப் பெயரை அன்போடு வைத்தவர்கள் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்குக் கிடைக்கும் வசதி. கௌதமன் என்ற பெயரில் அவள் குடும்பம் தானாகவே முடிவெடுத்தது. எங்கள் வீட்டுச் சுடலைமுத்துவுக்கு இருக்கிற அதே கம்பீரம் அதிலும் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பேச்சு எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். திருப்பம் தம்பி மனைவியிடமிருந்தே வந்தது. அவளுடைய அப்பா பெயர் ஐயாறப்பன், திருவையாற்றுச் சாமி பெயர். ஒருநாள் இரவு பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அண்ணி, எங்கப்பா பேரு வைக்கணும்னு நீங்க சொல்லியிருந்தா நான் ஒரு நிமிஷம்கூட யோசிச்சிருக்க மாட்டேன். அதுவும் சென்னைப் பிள்ளைங்களுக்குப் புரியாத பேருதான். எனக்கு அது விசித்திரமா தெரியல, ஏன்னா அந்தப் பேரைக் கேட்டாலே எங்கப்பா முகம் வருது" என்றாள். பிறகு அவளே மாமனாரிடம் போய்க் கேட்டாள். "மாமா, நான் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அதட்டும்போதும் பேரைச் சொல்லித்தான் அதட்டுவேன். பரவாயில்லையா?" அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அதுக்கென்னம்மா, நல்லாக் கூப்பிடு" என்றார். "ஆனா முத்துன்னு சுருக்கிராத. நான் சுருக்குனது போதும்."

ஜோசியர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை ரோகிணி நட்சத்திரம், ஓ, வ, வி, வு என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும் என்றார். ஜாதகத்துக்கு அந்த எழுத்தில் ஒரு பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டோம், அவரும் மறுப்பு சொல்லவில்லை. எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டச் சொன்னவர்களுக்கு மரியாதையாக மறுத்துவிட்டோம். ஒரு எழுத்தைக் கூட்டினால் அப்பாவின் பெயராக அது இருக்காது.

எங்கள் பக்கம் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. நான்தான் சொன்னேன். மூன்று முறை. அப்பாவை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிராத மகள், அந்தப் பெயரை முதல்முறையாக வாய்விட்டுச் சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதல் தடவை குரல் எழும்பவில்லை. மூன்றாவது தடவை கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். இப்போது அடுக்குமாடி வராந்தாவில் தவழ்ந்து ஓடும் பிள்ளையைத் தம்பி மனைவி "டேய் சுடலை!" என்று அதட்டும்போது, உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவும் சில நேரம் நிமிர்ந்து பார்க்கிறார். எதிர்வீட்டு வடநாட்டுக் குடும்பத்துப் பெண்குழந்தை "சுதலை" என்று கூப்பிடுகிறது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

வெளிநாடு பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. அங்கே போகும் தமிழர்களுக்குப் பெரும்பாலும் அப்பா பெயர்தான் குடும்பப் பெயராகிவிடுகிறது. வேங்கடசுப்பிரமணியனும் மீனாட்சிசுந்தரமும் போய் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சுடலைமுத்துவும் வாழ்வான். ஒருவேளை அவன் வளர்ந்து தன் பெயர் வேண்டாம் என்றால் அரசிதழில் விளம்பரம் செய்து மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அந்த உரிமை அவனுடையது, நாங்கள் தடுக்கப்போவதில்லை.

பெயரைப் பற்றி இன்னும் முடிவெடுக்காமல் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலேயே பதிவு செய்யலாம். பதிவு செய்ததிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவதுதான் கஷ்டம். அதனால் மருத்துவமனையில் அவசரப்படுத்துகிறார்களே என்று வாயில் வந்ததை எழுதிக்கொடுக்க வேண்டாம். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது. பேசும்போது தாத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அவர் பெயரைப் பற்றி அவரைத் தவிர மற்ற எல்லாரும் பேசுகிறார்கள்.

என் சித்தி மகளுக்கு இது பிரசவ மாதம். அவளுடைய மாமனார் தென்திருப்பேரைக்காரர், பெயர் குழைக்காதர். மகரநெடுங்குழைக்காதன் என்ற பெருமாள் பெயரைத்தான் அவருக்கு வைத்திருக்கிறார்கள். பையன் பிறந்தால் அந்தப் பெயரை வைக்கலாமா என்று அவளும் அவள் கணவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று போனில் கேட்டாள், "அக்கா, கூப்பிட நீளமா இருக்குமே, குழைக்காதான்னு கூப்பிடலாமா?" கூப்பிட்டுப் பார், உனக்கு வாய் பழகுகிறதா என்று இப்போதே தெரிந்துகொள் என்றேன். அவள் கணவருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் பற்றிக் கவலை. அதற்கு மாமனாருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, அதில் இருக்கிறபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.